பொறுக்கக்கூடிய சூடு

நான் வேலை பார்த்த மருத்துவமனையின் வலி சிகிச்சைப் பிரிவிலிருந்து போன மாதம் மூன்று நர்ஸுகள் கொடைக்கானல் நாயுடுபுரத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். நோயாளிகளுக்காக வீடியோ சேனல் ஒன்று தொடங்கப் போகிறார்களாம். நான் வருஷக்கணக்காக வலைப்பூவில் எழுதி வைத்த குறிப்புகளை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். கிளம்பும்போது ஒருத்தி, "சிஸ்டர், ஒவ்வொரு குறிப்புக்குக் கீழயும் ‘கேள்வி கேட்டவர்: தங்கவேலு, பாலசமுத்திரம்’னு போட்டிருக்கீங்களே, அவரு எந்த டிபார்ட்மென்ட் டாக்டர்?" என்றாள். சிரித்த சிரிப்பில் எனக்கு டீ புரையேறிவிட்டது.

அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில் நீளமானது. வாசலில் நின்று சொல்லி முடிக்க முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் அப்பா அம்மா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். கொடைக்கானலில் காய்கறித் தோட்ட வேலை செய்து என்னை மதுரையில் நர்ஸிங் படிக்க வைத்தார்கள். படித்து முடித்து மலைக்கே திரும்பினேன். பிரசவ வார்டு, ஆபரேஷன் தியேட்டர் என்று இருபது வருஷம் ஓடிவிட்டது. அதற்கப்புறம்தான் டாக்டர் சுகிர்தம் வந்தார்.

அவர் மயக்க மருந்து நிபுணர். காலையில் தியேட்டர் வேலையை முடித்துவிட்டு, வாரத்தில் ஒரு நாள் மதியம் வலிக்கு மட்டும் தனியாக நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்தார். உதவிக்கு என்னைப் போட்டார்கள். முதல் நாளே அவருடைய நடைமுறை எனக்கு வேடிக்கையாக இருந்தது. நோயாளியைக் கூப்பிடும் முன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொள்வார். நோயாளிக்கு நல்ல நாற்காலி, தனக்குக் குட்டை ஸ்டூல். பரிசோதிக்கும்போது வலிக்கிற இடத்தைக் கடைசியில்தான் தொடுவார். இடது முழங்கால் வலி என்று வந்தால் வலது காலை முதலில் மடக்கி நீட்டிப் பார்ப்பார், அப்புறம் இடுப்பு, அப்புறம் கணுக்கால். அதற்குள் நோயாளியின் தோள் தானாக இறங்கியிருக்கும். அந்தத் தோள் இறங்கும் வரை அவர் முழங்கால் பக்கமே போகமாட்டார்.

வலிக்கு மார்க் போடச் சொல்லும் வழக்கம் அப்போது எங்களிடம் இருந்தது. வலியே இல்லையென்றால் சைபர், தாங்கவே முடியாவிட்டால் பத்து. மேல்மலைக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள், "நீங்களே பாத்துப் போட்டுக்கங்க சிஸ்டர்" என்பார்கள். ஒருவர் பதினொன்று கேட்டார். டாக்டர் அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு வேறு கேள்வி கேட்க ஆரம்பித்தார்: "இந்த வலி உங்களை என்ன செய்ய விடமாட்டேங்குது?"

இதற்கு எல்லோரிடமும் பதில் இருந்தது. கேரட் பாத்தியில் குந்த முடியவில்லை. பேரனைத் தூக்க முடியவில்லை. சர்ச்சில் முழங்கால் போட முடியவில்லை. பூம்பாறைக்காரர் ஒருவர், "வீட்டுக்காரிகூட சண்டை போட முடியலங்க. நான் எந்திரிச்சு நிக்கிறதுக்குள்ள அவ பேசி முடிச்சிடுறா" என்றார். டாக்டர் சிரிக்காமல் அதை அப்படியே பென்சிலால் கேஸ் சீட்டில் எழுதினார். மூன்று மாதம் கழித்து அவர் மறுபடி வந்தபோது சீட்டைப் பார்த்து, "இப்ப யார் ஜெயிக்கிறது?" என்று கேட்டார். "சமமா போகுது" என்றார் அவர். அதையும் எழுதினார். அந்த மனிதருக்குக் கொடுத்த பயிற்சிகளின் பலனை அதைவிடத் துல்லியமாக எந்த எண்ணும் சொல்லியிருக்காது.

வலைப்பூ யோசனையும் டாக்டருடையதுதான். வீட்டுக்குப் போகிற ஒவ்வொருவரிடமும் மாத்திரை எப்போது, பயிற்சி எப்படி என்று நான் ஒரே பாட்டைப் பாடுவேன். மேல்மலைக்குப் போகும் பஸ் ஏறி இறங்குவதற்குள் பாதி மறந்துவிடும். "இவங்க பிள்ளைங்க திருப்பூர்லயும் துபாய்லயும் போன் வச்சிருக்காங்க. நீங்க சொல்றத எழுதிப் போடுங்க, அவங்க படிச்சுச் சொல்லட்டும்" என்றார் டாக்டர். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழாக்கும் வித்தையைக் கற்றுக்கொண்டேன். "மலை நர்ஸின் குறிப்புகள்" என்று பெயர் வைத்தேன். முதல் குறிப்பு, வலியை டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்பது. அதை அடித்து முடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

பத்தாம் நாள் ஒரு பின்னூட்டம் வந்தது. மஸ்கட்டில் வேலை பார்க்கும் ஒருவர், மன்னவனூரில் இருக்கும் தன் அம்மாவுக்கு அதைப் போனில் வாசித்துக் காட்டினாராம். "அம்மா முதல் தடவையா டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டு வந்தாங்க" என்று எழுதியிருந்தார். அன்றைக்கு வார்டில் எல்லோருக்கும் வர்க்கி பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன்.

அப்புறம் வாரம் ஒரு குறிப்பு. முதுகு வலி, கழுத்து வலி, பிரசவத்துக்குப் பின் வரும் இடுப்பு வலி. எழுதுவதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வீட்டில் மாடி ஜன்னல் ஓரத்தில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அங்கேயே ஒரு நாற்காலியைப் போட்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு, யார் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். எங்களுக்குள் ஒரே ஒரு ஏற்பாடு: எந்தக் குறிப்பும் டாக்டர் சுகிர்தத்தின் பென்சில் படாமல் வெளியே போகக் கூடாது.

ஒரு ஜனவரியில் டாக்டர் பத்து நாள் வெளியூர் போயிருந்தார். மலையெங்கும் உறைபனி. மூட்டு வலிக்கு என்ன செய்யலாம் என்று கேட்டுக் கேள்விகள் குவிந்திருந்தன. உப்பு ஒத்தடம்தானே, இதில் டாக்டர் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். கல் உப்பை இரும்புச் சட்டியில் வறுத்து, பருத்தித் துணியில் முடிந்து, பொறுக்கக்கூடிய சூட்டில் வலிக்கும் இடத்தில் வைக்கவும் என்று எழுதிப் போட்டுவிட்டேன். என் குறிப்புகளிலேயே அதிகம் பேர் மற்றவர்களுக்கு அனுப்பியது அதுதான்.

மூன்று வாரம் கழித்து மருத்துவமனைக்கு ஒரு போன் வந்தது. பாலசமுத்திரத்திலிருந்து பாக்கியம் என்று ஒரு பெண். "நீங்கதான் அந்த மலை நர்ஸுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் நடந்ததைச் சொன்னார். அவர் கணவர் தங்கவேலு, மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது தென்னந்தோப்பும் கொய்யாவும் பார்க்கிறவர். சர்க்கரை நோய் உண்டு. பாதத்தில் கொஞ்ச நாளாக எரிச்சல். யாரோ அனுப்பிய என் குறிப்பைப் படித்துவிட்டு உப்பு முடிச்சைத் தரையில் போட்டு, அதன்மேல் காலை வைத்துக்கொண்டு கிரிக்கெட் பார்த்திருக்கிறார். ஆட்டம் முடிந்து அவர் எழுந்து நடந்தபோது தரையில் ஈரத்தடம் விழுவதைப் பார்த்துத்தான் பாக்கியத்துக்குத் தெரிந்திருக்கிறது. கொப்புளம் உடைந்திருந்தது. கைவைத்தியம் பார்த்ததில் புண் பெரிதாகிவிட்டது.

போனை வைத்துவிட்டு நான் குறிப்பை எடுத்துப் படித்தேன். ‘பொறுக்கக்கூடிய சூட்டில்’. உணர்ச்சியே இல்லாத காலுக்கு எந்தச் சூடும் பொறுக்கக்கூடியதுதான். சர்க்கரை நோயாளிகளுக்குக் கால் மரத்துப் போகும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு வரியை எழுதவில்லை.

டாக்டர் திரும்பி வந்திருந்தார். அவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் எனக்கும் சுலபமாக இருந்திருக்கும். அவர் மேசை டிராயரைத் திறந்து, பாதத்தில் தொடு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும், நுனியில் நைலான் இழை வைத்த சின்னக் கைப்பிடி ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். "முதல்ல அவர் காலைப் பாருங்க. எழுத்தை அப்புறம் பாக்கலாம்" என்றார். பழனியில் தனக்குத் தெரிந்த அறுவை சிகிச்சை டாக்டருக்கு அப்போதே போன் செய்தார்.

மறுநாள் வெள்ளனே பஸ் ஏறினேன். பெருமாள்மலை தாண்டிக் கீழே இறங்க இறங்க ஸ்வெட்டரைக் கழற்றினேன். பழனியில் மாறி பாலசமுத்திரம் போய்ச் சேர வெயில் ஏறிவிட்டது.

தங்கவேலு கட்டிலில் படுத்திருந்தார். ஒல்லியான மனிதர், கனத்த குரல். நான் என் பெயரைச் சொல்லிவிட்டு, வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்ததைச் சொன்னேன். "அய்யா, தப்பு என்னோடது. எழுத வேண்டிய ஒரு வரிய நான் எழுதல." அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அம்புட்டுத் தூரத்துலேருந்தா வந்தீங்க? மொதல்ல தண்ணியக் குடிங்க" என்றார்.

வலது பாதத்தின் வெளி ஓரம் முழுக்கப் புண். சுண்டுவிரல் நிறம் மாறியிருந்தது. புண்ணைக் கழுவி மூடிவிட்டு, இடது காலை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். நைலான் இழையை முதலில் அவர் புறங்கையில் தொட்டுக் காட்டினேன். இழை லேசாக வளையும் அளவுக்குத்தான் அழுத்த வேண்டும். "இதே மாதிரி பாதத்துல தொடுவேன். கண்ணை மூடிக்கங்க. தெரியிறப்ப ஆமான்னு சொல்லுங்க." பெருவிரல் நுனியில் தொட்டேன். பதில் இல்லை. நடுவிரலில் தொட்டேன். விரல்களுக்குக் கீழே மேட்டில், பாத ஓரத்தில், குதிகாலில் தொட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, பஸ்ஸில் அடுத்த ஸ்டாப்புக்குக் காத்திருப்பவர் போலப் பொறுமையாக இருந்தார். நான் கையை எடுத்து இழையை உறையில் போடும்போது, "ஆமா" என்றார்.

பாக்கியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தங்கவேலு கண்ணைத் திறந்து, "இப்பத்தான ஆரம்பிச்சீங்க, அடுத்த எடத்துல தொடுங்க சிஸ்டர்" என்றார். ஆரம்பித்து முடித்துவிட்டேன் என்று சொன்னேன். அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. பிறகு பாக்கியத்தைத் திரும்பிப் பார்த்தார். "அதான் செருப்பு கழண்டு விழுந்தாலும் தெரிய மாட்டேங்குதா? நான் அத ரப்பர் தேஞ்சு போச்சுன்னு ரெண்டு தடவ மாத்துனேன்."

அன்றைக்கு மதியமே பழனியில் சேர்த்தோம். அடுத்த இரண்டு வாரம் மோசமாக இருந்தது. சீழ் வைத்துக் காய்ச்சல் வந்தது. விரலை எடுக்க வேண்டியிருக்கலாம், அது ஏறினால் பாதமும் போகலாம் என்று அறுவை சிகிச்சை டாக்டர் சொன்னார். இன்சுலின் ஊசி, நரம்பு வழியாக மருந்து, காலை ஊன்றவே கூடாது என்ற கட்டளை. நான் ஞாயிறுதோறும் மலையிறங்கினேன். ஒவ்வொரு தடவையும் கட்டைப் பிரிக்கும்போது பாக்கியம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுண்டுவிரலின் நிறத்தைப் பார்ப்பேன். நான்காவது ஞாயிறு விரலின் ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. புதுத் தோல் வளரும் அந்த நிறத்தைப் பார்த்தால் எந்த நர்ஸுக்கும் கண் கலங்கும். பாக்கியத்தைத் தோளைப் பிடித்துத் திருப்பிக் காட்டினேன். புண் முழுவதும் ஆற நான்கு மாதம் ஆனது. விரல் தப்பியது.

இதற்கிடையில் நான் வலைப்பூவை மூடியிருந்தேன். ஒரே பொத்தான், எல்லாக் குறிப்புகளும் மறைந்துவிட்டன. டாக்டர் கேட்டபோது எழுத வரவில்லை என்று சொன்னேன். அவர் வற்புறுத்தவில்லை.

தங்கவேலு விடவில்லை. கட்டுப் போடும்போது ஒரு ஞாயிறு, "உங்க பக்கத்த தேடுறேன், காணோமே" என்றார். மூடிவிட்டேன் என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. அதுவரை இனிமையாகப் பேசிய மனிதர் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"ஏங்க, ஒரு டிக்கெட்டைத் தப்பாக் கிழிச்சிட்டா பஸ்ஸ நிப்பாட்டிருவாகளா? நீங்க படிச்சவங்க, படிச்ச மாதிரி எழுதுறீங்க. படிக்காதவன் அத எப்படி எடுத்துக்குவான்னு ஒங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். போடுறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு தடவ வாசிச்சுக் காட்டுங்க. எங்கெங்க தப்பாச் செய்வேன்னு நான் சொல்றேன்."

மலையேறும் பஸ்ஸில் வழி நெடுக அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். டாக்டரிடம் சொன்னதும் அவர் முகம் மலர்ந்ததை இப்போதும் பார்க்க முடிகிறது. "என் பென்சிலுக்கு மருந்து தெரியும். அவர் சொல்றது அதுக்குத் தெரியாது. ரெண்டு பேரும் பாத்தப்புறம் போடுங்க" என்றார்.

மறுபடி திறந்ததும் முதலில் ஒத்தடக் குறிப்பைத் திருத்தினோம். சர்க்கரை உள்ளவர்கள் காலில் எந்தச் சூடும் வைக்கக் கூடாது என்பது முதல் வரி. முடிச்சின் சூட்டை உணர்ச்சியுள்ள வேறொருவர் தன் முழங்கையின் உட்புறத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது இரண்டாவது. நடந்தது என்ன என்பதையும் எழுதினேன். தன் பெயரைப் போடச் சொன்னவர் தங்கவேலுதான்.

அன்றிலிருந்து சனிக்கிழமை மதியம் எங்கள் நேரம். நான் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வாசிப்பேன். அவர் தோப்பில் கயிற்றுக் கட்டிலில் படுத்துப் போனில் கேட்பார். அவர் கேள்வி கேட்டுத் திருத்திய ஒவ்வொரு குறிப்புக்குக் கீழும் அவர் பெயரைப் போட்டேன். இருபது வருஷம் பயணிகளிடம் பேசிப் பழகிய மனிதருக்கு, ஒரு சொல்லை எத்தனை விதமாகத் தப்பாக எடுக்கலாம் என்பது அத்துபடி. மாத்திரை நாளைக்கு இரண்டு முறை என்று வாசித்தால், "நாளைக்கு ரெண்டுன்னா, நாளான்னிக்கு?" என்பார். வெறும் வயிற்றில் என்றால், காப்பி குடித்தால் அது வெறும் வயிறா என்பார். ஓய்வு எடுக்கவும் என்றால், தோப்புக்குப் போய் மோட்டார் போடுவது ஓய்வா சோலியா என்பார். ஒரு தடவை, கனமான பொருளை எடுக்கும்போது முதுகை வளைக்காமல் குனியவும் என்று வாசித்தேன். "இருங்க, செஞ்சு பாக்குறேன்" என்று போனைக் கட்டிலில் வைத்தார். பிறகு பாக்கியம் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. போனை எடுத்து, "இந்த மனுசன் வீட்டுக் கதவு மாதிரி நிக்கிறாருங்க சிஸ்டர்" என்றார். முழங்காலை மடக்கிக் கீழே உட்கார்ந்து எடுக்கவும் என்று மாற்றினேன்.

புற்றுநோய் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் மாத்திரை பற்றி எழுத நான் பல மாதம் தயங்கினேன். அதைக் கொடுத்தால் கதை முடிந்தது என்று மலைக் கிராமங்களில் ஒரு பயம் உண்டு. கடைசியில் மிகவும் நாசூக்காக எழுதி வாசித்தேன். தங்கவேலு நேராகக் கேட்டார்: "அந்த மாத்திரையக் குடுத்தா ஆளு வெரசாப் போயிருவாகளாமே, நெசமா?" நெசமில்லை என்றேன். டாக்டர் அளவு பார்த்துக் கொடுத்தால் அது வலியைத்தான் குறைக்கும், ஆயுளைக் குறைக்காது. "அப்ப நான் கேட்டதை மொதல் வரியாப் போடுங்க. அதத்தான் எல்லாரும் மனசுல வச்சுக்கிட்டுக் கேக்காம இருக்காக." அப்படியே போட்டேன்.

அதைப் படித்துவிட்டு மேல்மலையில் பூண்டு விவசாயம் செய்யும் ஒரு குடும்பம் எங்களிடம் வந்தது. அவர்களுடைய அம்மா ராக்கம்மாளுக்கு எலும்பு வரை பரவிய நோய். மாத்திரையை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு, பயத்தில் கொடுக்காமலே இருந்திருக்கிறார்கள். டாக்டர் தன் ஸ்டூலில் உட்கார்ந்து, வலி என்ன செய்ய விடவில்லை என்று கேட்டார். "பூண்டு பிரிக்கிற எடத்துல உக்கார விடமாட்டேங்குது தாயி. எல்லாரும் அங்கதான் இருக்காக" என்றார் ராக்கம்மாள். அளவை மெல்ல ஏற்றினோம். இரண்டாவது வாரம் நான் வீட்டுக்குப் போனபோது, களத்தில் தலையணைகளுக்கு நடுவே உட்கார்ந்து பூண்டைப் பெரிசு சிறிசாகப் பிரித்துக்கொண்டு, மருமகள்களை அதட்டிக்கொண்டிருந்தார். அந்த அறுவடை முழுவதும் அங்கே இருந்தார். அவர் போனதைச் சொல்ல வந்த மகன் என் கையில் ஒரு கொத்துப் பூண்டைக் கொடுத்து, அம்மா பிரித்து வைத்தது என்றார். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த விருது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

டாக்டர் சுகிர்தம் ஓய்வு பெற்றுத் தம்பி குடும்பத்தோடு இருக்கிறார். இப்போதும் பென்சிலால் கடிதம் எழுதுகிறார். நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். படிக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள், எல்லோரும் வீடியோ பார்க்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. முதுகை வளைக்காமல் குனிவது எப்படி என்பதை எழுதிப் புரிய வைக்க நாங்கள் ஒரு சனிக்கிழமை முழுக்கப் போராடினோம். என் வீட்டுக்கு வந்த இந்த நர்ஸ் பெண்கள் அதைப் பத்து விநாடியில் செய்து காட்டிவிடுவார்கள். படம் எடுத்து முடித்ததும் வெளியிடும் முன் யாருக்குக் காட்ட வேண்டும் என்று மட்டும் சொல்லி, பாலசமுத்திரம் போன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன்.

இந்தக் கட்டுரையையும் போன சனிக்கிழமை அவருக்கு வாசித்தேன். ஓரிடத்தில்கூடக் குறுக்கிடாமல் கேட்டார். அது அவர் வழக்கம் இல்லை என்பதால் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. முடித்ததும் ஆரம்பித்தார்.

"தப்பு என்னோடதுன்னு நாலு எடத்துல எழுதியிருக்கீங்க சிஸ்டர். நான் படுத்துக் கெடந்தப்ப நேர்ல வந்து சொன்னீங்கள்ல, அது ஒண்ணு இருக்கட்டும். மிச்சத்த அடிச்சிருங்க. படிக்கிறவுக எனக்குக் காலே போயிருச்சுன்னு நெனச்சிருவாக."

அடித்துவிட்டேன்.